ரெபெல்லியன் என்றால் கலகமா, புரட்சியா?

ஆங்கிலத்தில் 'ரெபெல்லியன்' என்று ஒரு சொல் இருக்கிறது. அகராதியைப் புரட்டினால் கலகம், கிளர்ச்சி, எழுச்சி, புரட்சி என்று நாலைந்து தமிழ்ச் சொற்கள் வரிசையாக நிற்கும். எதை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம் என்று தோன்றும். ஆனால் எந்தச் சொல்லைப் போடுகிறோம் என்பதை வைத்துத்தான் ஒருவன் குற்றவாளியா, தியாகியா என்பதே முடிவாகிறது!

இதற்கு நம் பக்கத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. அடி அண்ணாமலையிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் வேலூர் கோட்டை. 1989 வரை திருவண்ணாமலையும் வேலூரும் வடாற்காடு என்ற ஒரே மாவட்டத்தில்தான் இருந்தன.

முதலில் சொற்களின் பொருள்

'ரெபெல்லியன்' லத்தீனிலிருந்து வந்த சொல். 'ரெ' என்றால் மறுபடியும், 'பெல்லும்' என்றால் போர். ரோமிடம் தோற்று அடங்கிப்போன மக்கள் மறுபடியும் ஆயுதம் எடுத்தால், அதை ரோமானியர்கள் இப்படித்தான் குறிப்பிட்டார்கள். ஆக, "நீ ஏற்கெனவே எனக்கு அடங்கியவன்" என்ற தீர்ப்பு இந்தச் சொல்லுக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது.

'மியூட்டினி' வேறு. ராணுவத்திலோ கப்பலிலோ இருப்பவர்கள் ஒன்றுகூடி மேலதிகாரியின் உத்தரவை மீறுவது மியூட்டினி. யார் ஆள வேண்டும் என்ற கேள்வியே இதில் வராது. வெறும் ஒழுங்கு மீறல், அவ்வளவுதான்.

'ரெவல்யூஷன்' என்பது ஆட்சியையே புரட்டிப் போடுவது. அந்தச் சொல்லின் லத்தீன் வேருக்கும் சுழல்வது, உருள்வது என்றுதான் பொருள். தமிழில் 'புரட்சி'யும் புரள், புரட்டு என்பதிலிருந்து வந்ததே. இரண்டு மொழிகளும் ஒரே மாதிரி யோசித்திருக்கின்றன!

கட்டபொம்மன் ரெபெலா?

கட்டபொம்மனையும் மருது சகோதரர்களையும் ஆங்கிலேயர்கள் 'ரெபெல்கள்' என்றுதான் எழுதி வைத்தார்கள். ஆனால் பாளையக்காரர்களிடம் கப்பம் வசூலிக்கும் உரிமை கிழக்கிந்தியக் கம்பெனிக்கு எப்படி வந்தது? 1792இல் ஆற்காடு நவாபுடன் போட்ட ஒப்பந்தத்தின் மூலம் வந்தது. அதாவது பாளையக்காரர்களைக் கேட்காமலே இரண்டு பேர் தங்களுக்குள் கையெழுத்துப் போட்டுக்கொண்டார்கள். ஒப்பந்தத்தில் பங்கே இல்லாதவன் அதை மறுத்தால் அவன் ரெபெல்! இந்தப் பெயரில்தான் 1799இல் கட்டபொம்மனும் 1801இல் மருது சகோதரர்களும் தூக்கிலிடப்பட்டார்கள்.

வேலூர், 1806 ஜூலை 10

அடுத்த ஐந்தே ஆண்டில் வேலூர். சிப்பாய்கள் நெற்றியில் சமயக் குறி அணியக்கூடாது, தாடியை எடுக்க வேண்டும், மீசையை ஒழுங்குபடுத்த வேண்டும் என்று சென்னை ராணுவத் தலைமை உத்தரவு போட்டது. தோல் பட்டை வைத்த, தொப்பி மாதிரியான புதிய தலைப்பாகையும் வந்தது. எதிர்த்தவர்களுக்குச் சவுக்கடி கிடைத்தது. இந்து, முஸ்லிம் என்ற வேறுபாடு இல்லாமல் எல்லோருக்கும் மனம் புண்பட்டது.

ஜூலை 10 அதிகாலை சிப்பாய்கள் ஆங்கிலேயப் படையைத் தாக்கிக் கோட்டையைப் பிடித்தார்கள். 1799இல் திப்பு சுல்தான் இறந்த பிறகு அவருடைய குடும்பம் அந்தக் கோட்டையில்தான் காவலில் இருந்தது. கோட்டையில் மைசூர்க் கொடி ஏறியது. செய்தி அறிந்து ஆற்காட்டிலிருந்து கில்லஸ்பி குதிரைப்படையுடன் வந்தார். அன்றே எல்லாம் முடிந்துவிட்டது. ஆங்கிலேயர் தரப்பில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களும், சிப்பாய்களில் சுமார் 350 பேரும் இறந்தார்கள். அரண்மனைக்குள் ஒளிந்திருந்த சிப்பாய்கள் சுமார் நூறு பேரை வெளியே இழுத்து வந்து, சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். பிறகு விசாரணை நடத்தி, சிலரைத் தூக்கிலிட்டார்கள். சிலரைப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டார்கள்.

எந்தச் சொல் பொருந்தும்?

இப்போது ஒவ்வொரு சொல்லாகப் போட்டுப் பார்க்கலாம்.

மியூட்டினி: தலைப்பாகைச் சண்டை வரைக்கும் பொருந்தும். ஆனால் வெறும் தலைப்பாகைப் பிரச்சினை என்றால் மைசூர்க் கொடி எதற்கு?

புரட்சி: கொடிக்குப் பொருந்தும். ஆனால் அவர்கள் ஏற்றியது புதிய ஆட்சியின் கொடி இல்லை, ஏழு ஆண்டுகளுக்கு முன் வீழ்ந்த ஓர் அரசின் கொடி. கோட்டையைப் பிடித்த பிறகு அடுத்து என்ன செய்வது என்ற திட்டமும் அவர்களிடம் இல்லை.

ரெபெல்லியன்: இங்கேதான் சுவாரஸ்யம். சிப்பாய்கள் யாருக்கு அடங்கியவர்கள்? லண்டனில் 1600இல் பட்டயம் வாங்கித் தொடங்கிய, பங்குதாரர்கள் உள்ள ஒரு வியாபாரக் கம்பெனிக்கு! அவர்கள் அதன் சம்பளக்காரர்கள். கம்பெனி தன்னை முதலாளி என்று நினைத்தால் நடந்தது மியூட்டினி. அரசு என்று நினைத்தால் ரெபெல்லியன். கம்பெனிக்கு வசதியாக இருந்தது முதல் சொல்தான். தலைப்பாகை உத்தரவைத் திரும்பப் பெற்று, கவர்னர் வில்லியம் பெண்டிங்கையும் படைத்தலைவர் கிராடக்கையும் திருப்பி அழைத்துக்கொண்டு, திப்புவின் குடும்பத்தைக் கல்கத்தாவுக்கு அனுப்பினால் கணக்கு முடிந்தது. "எங்களை ஆள நீ யார்?" என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை.

1857இல் வடக்கே சிப்பாய்கள் எழுந்தபோதும் இதே குழப்பம்தான். இது வெறும் ராணுவக் கலகமா, தேசிய எழுச்சியா என்று பிரிட்டிஷ் நாடாளுமன்றத்திலேயே டிஸ்ரேலி கேட்டார்.

கணக்குப் பதிவியலில் ஒரு விதி உண்டு. ஒரே பரிவர்த்தனை ஒருவர் ஏட்டில் பற்று, இன்னொருவர் ஏட்டில் வரவு. வேலூரும் அப்படித்தான். கம்பெனி ஏட்டில் கலகம், நம் ஏட்டில் புரட்சி. ஆனால் ஒரு வித்தியாசம். வணிகத்தில் இரண்டு ஏடுகளையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். வரலாற்றில் தோற்றவன் ஏடு பெரும்பாலும் கிடைப்பதே இல்லை. வேலூரைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி ஜெயித்தவர்கள் எழுதி வைத்ததுதான்.

அதனால் அடுத்த முறை 'ரெபெல்' என்ற சொல்லைப் படிக்கும்போது, அதை எழுதியவர் யார் என்று ஒரு முறை பாருங்கள். வேலூரைப் பொறுத்தவரை அந்தச் சொல்லின் பழைய லத்தீன் பொருளே மிகவும் பொருந்துகிறது. 1799இல் முடிந்துவிட்டது என்று கம்பெனி நினைத்த போரை, சாதாரண சிப்பாய்கள் ஒரு காலைப்பொழுது மறுபடியும் தொடங்கினார்கள். மறுபடியும் போர்... இதில் அவமானப்பட என்ன இருக்கிறது?