லூயிஸின் காற்றுத் துப்பாக்கியும் ஓர் அரத்துண்டும்

1803 ஆகஸ்ட் 30. பிட்ஸ்பர்கிலிருந்து ஒஹையோ ஆற்றில் படகை இறக்கிய கேப்டன் மெரிவெதர் லூயிஸ், மூன்று மைல் போனதும் புரூனோ தீவில் சற்று நேரம் நிறுத்தினார். அங்கே கூடியிருந்த பெரிய மனிதர்கள், அவர் விலைக்கு வாங்கியிருந்த காற்றுத் துப்பாக்கியைச் சுட்டுக் காட்டச் சொன்னார்கள். லூயிஸ் 55 கஜ தூரத்தில் குறிவைத்து ஏழு முறை சுட்டார். ஓரளவு நன்றாகவே பட்டது. பிறகு பிளேஸ் செனாஸ் என்பவர் அதைக் கையில் வாங்கினார். அவருக்கு அந்தத் துப்பாக்கி பழக்கமில்லை. தவறுதலாகக் கிளம்பிய குண்டு, 40 கஜத்துக்கு அப்பால் நின்ற ஒரு பெண்ணின் தொப்பியைத் துளைத்து, நெற்றிப்பொட்டைக் கீறிக்கொண்டு போனது. அவர் அப்படியே விழுந்தார், ரத்தம் பீறிட்டது. உயிர் போய்விட்டது என்றே எல்லோரும் பதறினார்கள். ஒரு நிமிடத்தில் அவருக்கு நினைவு திரும்பியது. பார்த்தால், காயம் ஆழமில்லை.

லூயிஸின் பயண நாட்குறிப்பு தொடங்குவதே இந்தச் சம்பவத்தோடுதான். அமெரிக்கக் கண்டத்தைக் குறுக்காகக் கடந்து பசிபிக் கடலைத் தொட்டுத் திரும்பிய லூயிஸ் – கிளார்க் பயணத்தில் முதல் ரத்தம் சிந்த வைத்த ஆயுதம், வெடிமருந்தே இல்லாத ஒன்று.

அதன் பூர்வீகம் ஆஸ்திரியா. டைரோல் மலைநாட்டைச் சேர்ந்த பார்த்தலோமியஸ் ஜிரார்டோனி 1779 வாக்கில் இந்த வடிவத்தை உருவாக்கினார். அடுத்த ஆண்டே ஆஸ்திரியப் படை அதை ஏற்றுக்கொண்டது. தோளில் அணைக்கும் கட்டை இருக்க வேண்டிய இடத்தில், தோல் போர்த்திய இரும்புக் கலம். காற்று அடைபடுவது அதற்குள். கைப்பம்பால் ஏறத்தாழ 1500 முறை அடித்தால்தான் கலம் நிறையும். நிறைந்த கலத்துக்குள் சதுர அங்குலத்துக்குச் சுமார் 800 பவுண்டு அழுத்தம். நம் கார் டயரில் இருப்பது முப்பது சொச்சம். குழலின் வலப்பக்கத்தில் ஒட்டியிருக்கும் நீண்ட குழாயில் இருபதுக்கு மேற்பட்ட ஈயக் குண்டுகள் வரிசையாக நிற்கும். துப்பாக்கியின் வாயை மேலே தூக்கிப் பின்புறக் குறுக்குக் கட்டையை விரலால் தள்ளினால், ஒரு குண்டு தானாக உருண்டு இடத்தில் உட்காரும். சுத்தியலை இழு, சுடு. மறுபடி தூக்கு, தள்ளு.

சாதாரணப் படைவீரன் குழல் வாய் வழியாக மருந்தும் குண்டும் திணித்து, நிமிடத்துக்கு இரண்டோ மூன்றோ முறை சுட்டுக்கொண்டிருந்த காலம் அது. இந்த ஆயுதத்தில் புகையில்லை, மழையில் நனையும் மருந்தில்லை. படுத்துக்கொண்டே அடுத்த குண்டை ஏற்றலாம். இருந்தும் 1815 வாக்கில் ஆஸ்திரியப் படை அதை முற்றிலும் கைவிட்டது. காற்று கசியாத இரும்புக் கலம் செய்வது அந்தக் காலப் பட்டறைகளுக்குப் பெரும் பாடு. தோல் வாஷர்களை ஈரம் காயாமல் வைத்திருக்க வேண்டும். காய்ந்தால் அழுத்தம் நிற்காது. வீரர்களுக்குத் தனிப் பயிற்சி வேண்டும். பழுதானால் ஊர்க் கொல்லரால் ஆகாது, தேர்ந்த கைவினைஞர் வேண்டும். போர்க்களம் அந்த அளவு பொறுமை காட்டவில்லை.

படை பின்னாளில் கைவிட்ட இந்த வகைத் துப்பாக்கி லூயிஸுக்குக் கச்சிதமாகப் பொருந்தியது. அவரோடு போனவர்கள் முப்பது சொச்சம் பேர். கடந்து போக வேண்டியதோ பல பழங்குடி நாடுகளின் சொந்த மண். ஒவ்வொரு சந்திப்பிலும் ஒரு சடங்கு போலவே நடந்தது: பேச்சு, பதக்கம், பரிசு, பிறகு காற்றுத் துப்பாக்கி. 1804 ஆகஸ்ட் 3-இல் ஓட்டோ மக்களோடு நடந்த முதல் பேச்சுவார்த்தையிலேயே அது சுடப்பட்டது. 1805 ஆகஸ்ட் 17-இல் ஷோஷோனி மக்கள் முன் சுட்டபோது, அவர்கள் அதைத் தெய்வ சக்தி கொண்டதாகக் கருதினார்கள் என்று லூயிஸ் எழுதுகிறார். 1806 ஜனவரியில், பசிபிக் கரைக்கு அருகே கிளாட்சாப் கோட்டையில் குளிர்காலத்தைக் கழித்தபோதும், மருந்தில்லாமல் இத்தனை முறை சுடுவது அங்கிருந்த மக்களுக்கு விளங்கவில்லை என்று குறிக்கிறார்.

வியப்பு என்று லூயிஸ் எழுதியதை மிரட்டல் என்றும் படிக்கலாம். புகையில்லாமல், நிறுத்தாமல் சுடும் ஆயுதம் ஒன்று வெளியே தெரிகிறது. மூட்டைகளுக்குள் இன்னும் எத்தனை இருக்கின்றன என்று பார்ப்பவருக்குத் தெரியாது. அந்தச் சந்தேகமே சிறு கூட்டத்துக்குக் கவசமாக இருந்தது என்பது பின்னாளில் இதை ஆராய்ந்தவர்களின் வாதம். வேடிக்கை பார்த்த மக்களில் பெரும்பாலோரின் நிலம் அடுத்த நூறாண்டுக்குள் அவர்கள் கையைவிட்டுப் போனது. துப்பாக்கியின் வாழ்க்கை வரலாற்றில் அதையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

இவ்வளவு வேலை வாங்கிய பொருள் பழுதாகாமல் இருக்குமா? 1805 ஜூன் 10-இல் லூயிஸ் ஒற்றை வரி எழுதுகிறார்: காற்றுத் துப்பாக்கியின் மெயின் ஸ்பிரிங்கை ஷீல்ட்ஸ் புதிதாகப் போட்டார். ஜான் ஷீல்ட்ஸ் பயணக் குழுவின் கொல்லர். துப்பாக்கிகளைச் சீர்செய்யும் வேலையும் அவருடையதே. மிசௌரி ஆற்றங்கரையில், கடையோ ஆலையோ இல்லாத நிலத்தில், கையில் இருந்த இரும்பைக் கொண்டு அந்த ஸ்பிரிங்கை அவர் அடித்திருக்க வேண்டும். இரண்டு மாதம் கழித்து, ஆகஸ்ட் 7-இல், இன்னொரு குறிப்பு: ஏதோ விபத்தில் குறிமுள்கள் கழன்றுவிட்டன, லூயிஸே அவற்றைப் பொருத்திச் சரிபார்த்தார், பழையபடி நன்றாகச் சுட்டது.

பயணம் 1806 செப்டம்பரில் முடிந்தது. மூன்று ஆண்டுகளில் லூயிஸும் இறந்துபோனார். துப்பாக்கி மறுபடி எழுத்தில் தலைகாட்டுவது 1847-இல். ஃபிலடெல்ஃபியாவின் புகழ்பெற்ற கடிகாரக் கலைஞர் ஐசயா லூகன்ஸ் முந்தைய ஆண்டு காலமாகியிருந்தார். அவருடைய பொருள்களை ஏலம் விட்ட அறிவிப்பில், லூயிஸ் – கிளார்க் பயணத்துக்காகச் செய்யப்பட்டு அதில் பயன்பட்ட காற்றுத் துப்பாக்கி என்று ஓர் உருப்படி இருந்தது. ஏலம் எடுத்தவர் யார் என்ற தடம் இல்லை.

லூகன்ஸ் காற்றுத் துப்பாக்கிகளும் செய்தவர். ஆகவே 1970-களில் ஆராய்ந்தவர்கள், லூயிஸின் துப்பாக்கியைச் செய்தவரும் அவரே என்று முடிவு கட்டினார்கள். வர்ஜீனியா ராணுவக் கல்விக்கூட அருங்காட்சியகத்தில் உள்ள லூகன்ஸ் துப்பாக்கி ஒன்றுக்கு அந்தப் பெருமை போனது. அது ஒரு முறைக்கு ஒரு குண்டு மட்டும் ஏற்றும் வகை. புரூனோ தீவில் ஏழு முறை சுட்டதையும், ‘இத்தனை முறை சுடுவது’ என்று கிளாட்சாப் கோட்டையில் எழுதியதையும் யாரும் பொருட்படுத்தவில்லை.

அந்த முடிவைக் கவிழ்த்தது இன்னொருவரின் நாட்குறிப்பு. மிசிசிப்பிப் பிரதேசத்துக்கு நீதிபதியாகப் போய்க்கொண்டிருந்த தாமஸ் ராட்னி, 1803 செப்டம்பரில் வீலிங் என்ற ஊரில் லூயிஸைச் சந்தித்தார். காற்றுத் துப்பாக்கியைப் பார்த்தார். ஒரு முறை நிரப்பினால் 22 குண்டு சுடும் என்று எழுதி வைத்தார். லூகன்ஸின் ஒற்றைக் குண்டுத் துப்பாக்கி அந்த வரியோடு ஒத்துவரவே இல்லை. ஜிரார்டோனி ஒத்துவந்தது.

ராபர்ட் பீமன் விலங்கியல் படித்தவர். அமெரிக்காவில் உயர்ரக ஏர் ரைஃபிள் வணிகத்தை வளர்த்தவர். அவருடைய சேகரிப்பில் ஒரு ஜிரார்டோனி இருந்தது. எர்னஸ்ட் கோவன், ரிக் கெல்லர் என்ற இரு கைவினைஞர்கள் அதை அளந்து அச்சு அசலான பிரதிகள் செய்ய விரும்பினார்கள். அளக்க வேண்டுமானால் பிரிக்க வேண்டும். பிரித்தபோது உள்ளே இருந்த மெயின் ஸ்பிரிங் ஆஸ்திரியப் பட்டறையின் வேலையாக இல்லை. லாடம் அடிப்பவர் குதிரைக் குளம்பைத் தேய்க்கும் அரத்தை வெட்டி, கையால் அடித்துச் செய்த ஸ்பிரிங் அது. குறிமுள்களிலும் சீர்செய்த தடங்கள் தெரிந்தன. லூயிஸின் குறிப்புகளை அருகில் வைத்துப் பார்த்தவர்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

இது சூழ்நிலைச் சான்றுதான். துப்பாக்கியில் லூயிஸின் பெயர் பொறிக்கப்படவில்லை. ஆனால் இதைவிட வலுவான உரிமை கொண்டாட வேறு துப்பாக்கி கிடையாது. பீமன் அதை அமெரிக்கத் தரைப்படையின் போர்க்கல்லூரிக்கு, பென்சில்வேனியாவின் கார்லைலுக்கு, நன்கொடையாகக் கொடுத்தார்.

பழைய ஏர் ரைஃபிள் சேகரிப்பவர்களின் தீராத வழக்கு இந்த இடத்தில் வேறு முகம் காட்டுகிறது. ஒரு கட்சி, சுடுவதற்காகச் செய்ததைச் சுடாமல் வைப்பது பாவம் என்கிறது. மறு கட்சி, ஒவ்வொரு சுடுதலும் தேய்மானம், தொடாமல் வை என்கிறது. லூயிஸ் தொடாமல் வைத்திருந்தால் இந்தத் துப்பாக்கிக்குச் சொல்லவே கதை இருந்திருக்காது. சுட்டார், உடைந்தது, ஷீல்ட்ஸ் சரிசெய்தார். அதனால்தான் இன்று அடையாளம் தெரிகிறது. இன்றைக்கு அதே கலத்தில் 800 பவுண்டு அழுத்தம் ஏற்றுவது மடத்தனம். இருநூறாண்டு கடந்த இரும்பு எந்த இணைப்பில் விட்டுக்கொடுக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. வெடித்தால் துப்பாக்கியும் போகும், கன்னத்தை அணைத்து நிற்பவரும் போவார். சுடும் வேலையைப் பிரதிகள் ஏற்றுக்கொண்டன. அந்தக் காலத்து மனிதர்கள் கண்டது என்ன என்பதை அவற்றைச் சுட்டே இப்போது காட்டிவிடலாம்.

இரண்டு கட்சிகளையும்விட ஆபத்தான மூன்றாவது ஆள் ஒருவர் உண்டு: புதிது போலாக்கித் தருகிறவர். இடையில் வந்த யாராவது நல்ல எண்ணத்தோடு அந்த அரத்துண்டு ஸ்பிரிங்கைத் தூக்கி எறிந்துவிட்டு, வியன்னா வேலைப்பாட்டில் அழகான ஸ்பிரிங் ஒன்றைப் போட்டிருந்தால், துப்பாக்கி முன்னைவிட ‘அசலாக’ இருந்திருக்கும். ஆனால் அது யாருடையது என்பது என்றைக்கும் தெரிந்திருக்காது.

வரலாற்று நாயகர்கள் தொடாத சாதாரணப் பழைய ஏர் ரைஃபிள்களுக்கும் இதில் பாடம் இருக்கிறது. 1905 முதல் பர்மிங்ஹாமில் பிஎஸ்ஏ ஆலை, லிங்கன் ஜெஃப்ரிஸின் வடிவில் செய்த ரைஃபிள்களை எடுத்துக்கொள்ளலாம். உள்ளே ஒரு ஸ்பிரிங், ஒரு பிஸ்டன், பிஸ்டன் தலையில் தோல் வாஷர்; அவ்வளவுதான். பூட்டியே வைத்தால் தோல் காய்ந்து சுருங்கும். துளி எண்ணெயும் அவ்வப்போது சில குண்டுகளும் அதற்கு நல்லதே. சில ஜெர்மன் ரைஃபிள்களில் பிளாஸ்டிக் வாஷர்கள் உண்டு. அவை சுட்டாலும் சுடாவிட்டாலும் வயதாகிப் பொடிந்துபோகும். அலமாரியில் வைத்துவிட்டால் பாதுகாப்பு என்ற நம்பிக்கை அங்கே உடைகிறது. வாஷரும் ஸ்பிரிங்கும் மாற்றவே செய்யப்பட்டவை. மாற்றக்கூடாதவை வேறு: குழலின் மேல் உள்ள பழைய நீலப் பூச்சு, ஆலை அடித்த முத்திரைகள், கட்டையில் முந்தைய கைகள் விட்ட தழும்புகள். சாணை பிடித்துப் பளபளப்பாக்கினால் ஒரு மாலை நேரத்தில் எல்லாம் போய்விடும். மறுபடி வாங்க முடியாது.

ஷீல்ட்ஸின் ஸ்பிரிங் தனியாக இருந்திருந்தால் அது வெறும் ஒட்டுவேலை. லூயிஸின் ஒற்றை வரி அதற்கு ஊர், நாள், ஆள் எல்லாம் கொடுத்தது. உடைந்த மறுநாளே மறந்துவிடக்கூடிய அற்ப விஷயம்; ஆனாலும் அவர் எழுதினார். சுடுவதா, காப்பதா என்று ரைஃபிளைக் கையில் வைத்துக்கொண்டு யோசிப்பவர் முதலில் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கட்டும். எந்த நாளில் எது உடைந்தது, யார் மாற்றினார், எதைக் கொண்டு மாற்றினார் என்று எழுதட்டும். கழற்றிய பழைய பாகத்தைக் காகிதத்தில் சுற்றி ரைஃபிளோடு கட்டி வைக்கட்டும். இதைச் செய்துவிட்டால், இரும்பு தாங்கும் வரை தாராளமாகச் சுடலாம். செய்யாவிட்டால், கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டி வைத்தாலும் பாதித் துப்பாக்கியைத்தான் காப்பாற்றியிருப்பார்.