கத்திப்பிடியும் கைவினைஞர் வரலாறும்: கண்டி இராச்சியத்துப் 'பிஹகெத்த'

முன்னுரை

கத்தியைப் பற்றி ஆராய்வோர் பெரும்பாலும் அதன் அலகையே நோக்குவர். இரும்பின் தரம், கூர்மை, பயன் ஆகியவற்றை அலகு காட்டும். அதனைச் செய்வித்தவர் யார், செய்தவருக்கு அவர் அளித்தது என்ன என்னும் வினாக்களுக்குப் பிடியே விடை தருகிறது. இக்கட்டுரையில் இலங்கையின் கண்டி இராச்சியத்தில் வழங்கிய 'பிஹகெத்த' என்னும் கத்தியை எடுத்துக்கொண்டு, அதன் பிடிவேலைப்பாடு சிறந்ததற்கும் நலிந்ததற்கும் உரிய காரணங்களை ஆராய்வோம்.

கத்தியின் அமைப்பு

சிங்களத்தில் 'பிஹிய' என்பது கத்தியையும் 'கெத்த' என்பது வெட்டுக்கத்தியையும் குறிக்கும். உருவில் இது வீட்டில் புழங்கும் ஒருபுறக் கூருள்ள கத்தியை ஒத்தது. கண்டிப் பிரதானிகள் இதனைத் தம் இடைக்கச்சையில் செருகியிருந்தனர். சில உறைகளில் ஓலையில் எழுதும் எழுத்தாணிக்கும் தனி இடம் உண்டு. ஆகவே இது போர்க்கருவி என்பதைவிட, ஏடும் எழுத்தும் கையாண்ட அதிகாரியின் தகுதிச்சின்னம் எனல் பொருந்தும்.

இதன் பிடி கொம்பு, யானைத்தந்தம், மரம், பளிங்குக்கல் முதலியவற்றால் ஆனது. அலகு பிடியோடு சேரும் இடத்தில் பித்தளையும் வெள்ளியும் பதித்துக் கொடிக்கோலம் செதுக்குவர். பிடியின் முனை வளைந்து சுருண்ட இலையாகவோ கற்பனை விலங்கின் தலையாகவோ முடியும். இத்தகைய கத்தி ஒன்றில் கொல்லன், கொம்பும் தந்தமும் செதுக்குவோன், வெள்ளிவேலை செய்வோன் ஆகிய பலரது தொழில் ஒன்றுகூடுகிறது. அலகிலிருந்து பிடிக்குச் செல்லும் கொடி இடையில் அறுபடாமல் ஓடவேண்டுமாயின், இத்தொழில்கள் யாவும் ஒரே திட்டத்தின்கீழ் நடந்திருத்தல் வேண்டும். அதற்கு இடமளித்த அமைப்பு எது என்பதே அடுத்த வினா.

பட்டறையும் நிலமும்

கண்டி அரசருக்கெனப் பணியாற்றிய கைவினைஞர் 'பட்டல் ஹத்தர' எனப்பட்ட நான்கு பட்டறைகளில் அமைந்திருந்தனர். அவற்றில் இடம்பெறுவது பரம்பரை உரிமையாகவும் பெருமையாகவும் கருதப்பட்டது. சிறந்த பிஹகெத்தக்கள் இப்பட்டறைகளில் உருவாயின. அரசர் அவற்றைப் பிரதானிகளுக்கு வழங்கினார். கைவினைஞர் செய்த பணிக்கு ஈடாக நிலம் பெற்றனர். 'இராஜகாரிய' எனப்பட்ட இச்சேவைமுறையில் கட்டாயம் இருந்தது. அதே வேளையில், உணவைப் பற்றிக் கவலையின்றி ஒரு பிடியைப் பல நாள் செதுக்குவதற்குரிய ஓய்வும் இருந்தது. இவ்விரண்டனுள் ஒன்றை மட்டும் கூறுவது வரலாறாகாது.

1815ஆம் ஆண்டில் கண்டி ஆங்கிலேயர் வசமாயிற்று. நாயக்கர் மரபின் இறுதி மன்னரான ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கன் வேலூருக்கு அனுப்பப்பட்டு 1832இல் அங்கே மறைந்தார். அதே 1832இல் அரசுக்குரிய இராஜகாரிய முறை நீக்கப்பட்டது. கைவினைஞர் கட்டாயத்திலிருந்து விடுபட்டனர். ஆயின் அவர்தம் நுண்வேலையை வேண்டிநின்ற அவையும் அவர்களுக்கு இல்லாமற்போயிற்று. கைத்திறன் ஒரே நாளில் மறையவில்லை. அத்திறனைக் கேட்டுப் பெறுவோர் முதலில் மறைந்தனர்.

குமாரசுவாமியின் பதிவு

இம்மரபை முறையாகப் பதிவு செய்தவர் ஆனந்த குமாரசுவாமி (1877-1947). தமிழரான சர் முத்து குமாரசுவாமிக்கும் ஆங்கிலேயத் தாய்க்கும் கொழும்பில் பிறந்த இவர், கனிமவள ஆய்வுப் பணியின் பொருட்டுச் சிற்றூர்களுக்குச் சென்றபோது கைவினைஞர்களின் வாழ்வை நேரில் கண்டார். 1908இல் வெளிவந்த அவரது இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய நூல், பொருள்களோடு அவற்றைச் செய்தோரின் நிலவுரிமையையும் சமூக நிலையையும் விளக்குகிறது. கலையின் வீழ்ச்சிக்கு அரசின் ஆதரவு நீங்கியதை முதன்மைக் காரணமாக அவர் கண்டார். தமிழ்த் தந்தையின் மகன் சிங்களக் கைவினைக்கு வரலாறு எழுதியமை நாம் நினைவிற்கொள்ளத்தக்கது.

தமிழாய்வுக்கு ஒரு வினா

இவ்வாய்வு நம் துறைக்கும் ஒரு கடமையை உணர்த்துகிறது. ஓலையில் எழுதிய தமிழ்ப் புலவரும் கத்தியும் எழுத்தாணியும் கையாண்டவரே. ஒரு புறம் ஓலை வாரும் கத்தியும் மறுபுறம் எழுத்தாணியும் கொண்டு, மரம், தந்தம், கொம்பு ஆகியவற்றாலான பிடிக்குள் மடங்கும் மடக்கெழுத்தாணியை உ.வே. சாமிநாதையர் 'என் சரித்திரம்' நூலில் குறித்துள்ளார். சுவடியின் பாடத்தைப் பதிப்பிப்பதில் நாம் காட்டிய அக்கறையை, அச்சுவடியை எழுதிய கருவியிடத்தும் அதன் பிடியைக் கடைந்தவரிடத்தும் காட்டினோம் எனக் கூற இயலாது.

முடிவுரை

இன்று இலண்டன், நியூயார்க் ஆகிய நகரங்களின் அருங்காட்சியகங்களில் பிஹகெத்தக்கள் உள்ளன. அவற்றின் விவரக்குறிப்பில் பொருளும் நாடும் காலமும் காணப்படும். செய்தவர் பெயரைக் காண்பது அரிது. அப்பெயரை நம்மால் மீட்க இயலாது போகலாம். ஆயினும், எந்த நிலத்தில் விளைந்த நெல் அக்கையை ஊட்டியது, யாருடைய ஆணைக்கு அக்கை உழைத்தது என்பவற்றை மீட்கலாம். வீடுகளில் எஞ்சியுள்ள எழுத்தாணிகளையும் பழைய கத்திகளையும் மாணவர்வழி அளந்தும் வரைந்தும் பதிவுசெய்யும் பணியைத் தமிழாசிரியர்கள் மேற்கொள்வாராயின், கைவினைஞரின் வரலாறு தமிழிலும் எழுதப்படும்.