பெசோவாவின் கற்பனைத் தோழர்கள்

வளர்ந்தோரிடத்துத் தொடரும் கட்டற்ற பொய்யுரைத்தலை உளமருத்துவர் அன்ரன் டெல்புரூக் 1891 இல் ஒரு நோய்க்கூறாக விவரித்தார். போர்த்துக்கேயக் கவிஞர் பெர்னாண்டோ பெசோவாவை (1888–1935) அவ்வகைக்குள் அடக்கிவிடுதல் எளிது. 1893 இல் தந்தையை இழந்த அவர், ஆறு வயதளவில் செவாலியே த பா என்னும் கற்பனை மனிதரைப் படைத்து, அவர் பெயரால் தமக்கே கடிதம் எழுதினார். அத்தோழமை பால்யத்தோடு மறையவில்லை. கயீரோ, ரெய்ஸ், கம்போஸ் ஆகியோர் தத்தமக்கெனப் பிறப்பும் வாழ்வும் உலகநோக்கும் கொண்ட கவிஞராயினர். கடற்பொறியியலாளரான கம்போஸ் 1929 இல் பெசோவாவின் காதலிக்குக் கடிதமும் எழுதினார்!

1914 மார்ச் 8 அன்று கயீரோவின் முப்பதுக்கும் மேற்பட்ட கவிதைகள் ஒரே மூச்சிற் பிறந்தன என 1935 சனவரியில் எழுதிய கடிதமொன்றிற் பெசோவா கூறினார். கையெழுத்துப் படிகளோ அவை பல நாட்களில் எழுதித் திருத்தப்பட்டவை எனக் காட்டுகின்றன. ஆக, பொய் இங்குண்டு. அது தோழர்களைப் படைத்ததில் அன்று, உழைப்பை மறைத்ததிலேயே உள்ளது. கவிதை அருள்வாக்காக இறங்குவது என்ற கருத்துமுதல்வாத மயக்கத்துக்கு அவரும் இடங்கொடுத்தார். அவர் விட்டுச்சென்ற பேழையிலோ 25,000க்கும் மேற்பட்ட தாள்கள் இருந்தன.

லிஸ்பன் வணிக நிறுவனங்களுக்காக ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் கடிதம் வரைந்து பிழைத்தவர் பெசோவா. பிறர் பெயரிற் கூலிக்கெழுதிய இத்தொழிலை, நோய்ப்பெயர் சூட்டுவோர் பொருட்படுத்துவதில்லை.