காலி கேசட் கதை: நாலிவுட் தற்செயலா பிறந்துச்சா?

ஸ்டார்ட்அப் உலகத்துல ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு பிறப்புக் கதை இருக்கும். கார் ஷெட்ல ஆரம்பிச்சோம், ஹாஸ்டல் ரூம்ல ஆரம்பிச்சோம்னு. நைஜீரியா சினிமாவுக்கும் அப்படி ஒரு கதை இருக்கு. இன்னிக்கு அந்தக் கதையைக் கொஞ்சம் பிரிச்சுப் பார்ப்போம்.

கதை இதுதான். லாகோஸ் நகரத்துல கென்னத் நெபுவேன்னு ஒரு இக்போ வியாபாரி, எலக்ட்ரானிக்ஸ் சாமான் விக்கிறவர். அவர்கிட்ட காலி வி.எச்.எஸ். கேசட் நிறையத் தேங்கிப் போச்சு. சும்மா வித்தா போகாது, உள்ள ஒரு படத்தைப் பதிஞ்சு வித்தா போகும்னு யோசிச்சார். 1992-ல ‘லிவிங் இன் பாண்டேஜ்’ங்கிற படம் அப்படித்தான் வந்துச்சாம். நாலிவுட் பிறந்துச்சாம்.

கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா இந்தக் கதையில ரெண்டு விஷயம் காணாம போயிடுது: அந்த ஊரோட நிலைமை, அப்புறம் இன்னொரு ஆள்.

முதல்ல நிலைமை. 1985-ல ஒரு அமெரிக்க டாலர் வாங்க ஒரு முழு நைராகூடத் தேவையில்ல. 1986-ல ஐ.எம்.எஃப். பாணியில பொருளாதாரச் சீர்திருத்தம் வருது, நைரா மதிப்பைச் சந்தையில விடுறாங்க. 1992-ல அதே ஒரு டாலருக்கு 17 நைரா. இப்போ யோசிங்க: ஃபிலிம் சுருள் வெளிநாட்டுல இருந்து வரணும், கழுவி பிரிண்ட் போடவும் பெரும்பாலும் வெளிநாட்டுக்குத்தான் அனுப்பணும். எல்லாமே டாலர் கணக்கு. நாடகமும் சினிமாவும் பண்ணிட்டிருந்த யொரூபா நாடகக் குழுக்களுக்கு அது கட்டுப்படி ஆகல. தியேட்டர் பக்கமும் சிக்கல். லாகோஸ்ல ராத்திரி வெளிய போக ஜனங்க பயந்தாங்க, தியேட்டர்கள் ஒண்ணொண்ணா மூடுச்சு. அதே நேரம் வீட்டுல டி.வி. இருக்கு, டெக் இருக்கு. நம்ம அப்பா அம்மா காலத்துல டெக் வாடகைக்கு எடுத்து விடிய விடியப் படம் பார்த்த கதை கேட்டிருப்பீங்கல்ல, அந்த மாதிரி பழக்கம் அங்கேயும் ஊறிப்போய் இருந்துச்சு.

அதனால யொரூபா குழுக்கள் 80-கள் கடைசியிலேயே வீடியோ கேமராவுக்கு மாறிட்டாங்க. கானாவுல வில்லியம் அகுஃபோ 1987-லேயே ‘ஜினாபு’ன்னு ஒரு படத்தை வீடியோவுல எடுத்துட்டார். நெபுவேயும் 1992-க்கு முன்னாடியே யொரூபா வீடியோ படங்களுக்குக் காசு போட்டு, கேசட்டா வித்துக்கிட்டு இருந்தார். சந்தை எங்க இருக்குன்னு அவருக்குத் தெரியும், லாபம் எவ்வளவுன்னு தெரியும். தேங்கிப்போன கேசட்டைத் தள்ளிவிடப் பார்த்தவரோட திடீர் யோசனை இல்ல இது. ஏற்கனவே ஓடிட்டிருந்த பிசினஸை அடுத்த கட்டத்துக்குக் கொண்டுபோனவரோட முடிவு.

இப்போ காணாம போன அந்த ஆள். ஒகெச்சுக்வு ஒகுஞ்சியோஃபோர். ஜோஸ் நகரத்துல இருக்கிற அரசு டி.வி. கல்லூரியில படிச்சவர். லாகோஸ் வந்தார், வேலை கிடைக்கல, தெருவுல பொருள் வித்துப் பிழைச்சார். படிச்ச படிப்பு ஒண்ணு, செய்யுற வேலை ஒண்ணு. என்ஜினீயரிங் முடிச்ச நம்ம கூட்டத்துக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்ல. அவர் கையில ஒரு கதை இருந்துச்சு. அந்தக் கதையைத்தான் நெபுவேகிட்ட கொண்டு போனார்.

கதையோட நாயகன் ஆண்டி, லாகோஸ்ல கஷ்டப்படுற இளைஞன். கூட இருந்தவங்க எல்லாம் திடீர்னு கார், பங்களான்னு வாழுறாங்க. எப்படின்னு கேட்டா, ஒரு ரகசியக் கூட்டத்துக்குக் கூட்டிட்டுப் போறாங்க. அங்க விலை: அவன் ரொம்ப நேசிக்கிற ஆளோட உயிர். அவன் மனைவியையே பலி கொடுக்குறான், பணம் கொட்டுது, அவளோட ஆவி விடாம துரத்துது. பேய்க் கதைன்னு சிரிச்சுட்டுப் போயிடலாம். ஆனா சம்பளத்துக்கு மதிப்பே இல்லாம போன ஊர்ல, சிலர் மட்டும் எப்படிப் பணக்காரன் ஆனாங்கங்கிற கேள்வி ஒவ்வொரு வீட்டுலயும் இருந்துச்சு. படம் அதைத்தான் தொட்டுச்சு.

இயக்குநர் கிறிஸ் ஓபி ராபு அரசுத் தொலைக்காட்சியில வேலை பார்த்தவர், அதனால டைட்டில்ல விக் மோர்டின்னு வேற பேர். நடிச்சவர்களும் டி.வி. அனுபவம் உள்ளவங்க. ஆக, காலி கேசட்டோட சேர்ந்து காலியா இருந்த இன்னொண்ணு, இத்தனை பயிற்சி பெற்ற ஆட்களோட நேரம். நான் கேசட்டை விட இதைத்தான் பெரிய காரணமா பார்க்குறேன்.

படம் இக்போ மொழி. ஹிட்டுன்னா அப்படி ஒரு ஹிட்டு. 1993-ல இரண்டாம் பாகம். 1994-ல நெபுவே ‘கிளாமர் கேர்ள்ஸ்’ படத்தை ஆங்கிலத்துலயே எடுத்துட்டார். 500-க்கு மேல மொழி இருக்கிற நாட்டுல, ஒரே கேசட் எல்லா ஊர்லயும் போகணும்னா அதுதான் வழி.

அப்புறம் லாகோஸோட இடுமோட்டா, அலாபா, கிழக்குல ஒனிட்ஷா, அபான்னு சந்தைக் கடைக்காரர்களே தயாரிப்பாளர் ஆனாங்க. பேங்க் கடன் கிடையாது, அரசு உதவி கிடையாது. போன படம் வித்த காசுதான் அடுத்த படம். திருட்டு கேசட் வந்துடும்னு தெரியும், அதனால அது வர்றதுக்கு முன்னாடி கிடைக்கிற சில நாள்ல போட்ட காசை எடுத்தாகணும். சீக்கிரமா எடு, மலிவா எடு, நிறைய எடு. தரம் குறைஞ்சதுக்கும் எண்ணிக்கை எகிறினதுக்கும் ஒரே காரணம்தான். 2006-ம் வருஷக் கணக்கை யுனெஸ்கோ வெளியிட்டப்போ இந்தியா 1,091 படம், நைஜீரியா 872, அமெரிக்கா 485.

இதுல யாருக்குக் காசு போச்சுன்னு கேக்கணும். விநியோகம் யார் கையிலயோ அதிகாரம் அவங்க கையில. 2004 வாக்குல சம்பளம் அதிகம் கேக்குறாங்கன்னு ஜெனிவீவ் நாஜி, ஒமோடோலா மாதிரி பெரிய நட்சத்திரங்களையே வியாபாரிகள் ஒண்ணு சேர்ந்து ஒதுக்கி வெச்சாங்க. ஸ்டார்களுக்கே இந்த நிலைமைன்னா கதை எழுதுறவனுக்கு என்ன பேரம் பேச முடியும்?

அந்தப் பூட்டைத் திறக்கப் பார்த்த ஆள்ல ஒருத்தர் ஜேசன் என்ஜோகு. லண்டன்காரர், நைஜீரியப் பெற்றோர், மான்செஸ்டர்ல கெமிஸ்ட்ரி படிச்சவர். வரிசையா பிசினஸ் ஆரம்பிச்சுத் தோத்து, திரும்ப அம்மா வீட்டுக்கு வந்து சேர்ந்தார். அம்மா எந்நேரமும் நாலிவுட் படம் பார்க்குறாங்க, ஆனா இணையத்துல ஒழுங்கா எதுவும் இல்ல. லாகோஸ் போய், அலாபா சந்தை வியாபாரிகள்கிட்ட ஆன்லைன் உரிமையைக் காசு கொடுத்து வாங்கி, முதல்ல யூடியூப்ல போட்டார். அதுதான் பின்னாடி ஐரோகோடிவி ஆச்சு. எழுதித் தராத உரிமையை எழுதி வாங்குறதே ஒரு புதுமையா இருந்த காலம் அது.

கடைசியா ஒரு தகவல். ஒதுக்கி வெச்சாங்கன்னு சொன்னேனே, அந்த ஜெனிவீவ் நாஜி 2018-ல ‘லயன்ஹார்ட்’னு ஒரு படத்தை இயக்கி நடிச்சார், நெட்ஃபிளிக்ஸ் வாங்குச்சு. நைஜீரியா அதை ஆஸ்கர் சர்வதேசப் பட விருதுக்கு அனுப்புச்சு. 2019 நவம்பர்ல தகுதி நீக்கம். காரணம், வசனத்துல பெரும்பகுதி ஆங்கிலமாம். நாட்டை இணைக்கிற மொழியே அதுதான்னு நாஜி பதில் சொன்னார். அதே மாசம் லாகோஸ் தியேட்டர்கள்ல ‘லிவிங் இன் பாண்டேஜ்’ படத்தோட தொடர்ச்சி ரிலீஸ் ஆச்சு, இயக்கினது ராம்சி நுவா. இந்த முறை கேசட் இல்ல, பெரிய திரை.