சந்ததி என்னும் தொடர்ச்சி: இந்திப் புனைகதை வரலாற்றில் ஒரு வாசிப்பு இன்பம்

தோற்றுவாய்

கதை முடிந்த பின்னும் அக்கதையுலகை விட்டு நீங்க மனமில்லாதிருத்தல் வாசகர்க்கு இயல்பு. தொடர்நாவல் என்னும் இலக்கிய வகை இவ்வியல்பை அடியாகக் கொண்டே தோன்றியது. இந்திய மொழிகளில் இதற்குச் சிறந்த சான்றாக இந்தி எழுத்தாளர் தேவகி நந்தன் கத்ரி (1861-1913) இயற்றிய 'சந்திரகாந்தா'வும், அதன் தொடர்ச்சியாகிய 'சந்திரகாந்தா சந்ததி'யும் விளங்குகின்றன. முதல் நூல் ஈர்த்த வாசகரை ஒரு நிலைத்த வாசகர் கூட்டமாக ஆக்கியது இரண்டாம் நூலே என்பதை விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கதைக்களம்

பீகாரில் பிறந்த கத்ரி, காசியில் வாழ்ந்தவர். காசி அரசருக்குரிய சகியா, நௌகட் காடுகளில் மரக் குத்தகை எடுத்திருந்த காலத்தில் அங்குள்ள பாழடைந்த கோட்டைகளையும் குகைகளையும் கண்டு பழகினார். 1888ஆம் ஆண்டையொட்டி வெளிவரத் தொடங்கிய 'சந்திரகாந்தா'வின் களம் அவையே. நௌகட் இளவரசன் வீரேந்திர சிங்கும் விஜயகட் இளவரசி சந்திரகாந்தாவும் கொண்ட காதலே அதன் கதை. அதில் வரும் நௌகட், விஜயகட், சுனார் ஆகியவை உண்மையான ஊர்கள். கங்கைக் கரையிலுள்ள சுனார்க் கோட்டையைக் காசி வாசகர் நேரில் அறிவர். அறிந்த இடத்தில் அறியாத அற்புதத்தை வைத்துக் காட்டியதே இந்நூலின் கவர்ச்சிக்கு முதற்காரணம் எனலாம்.

மாறுவேடத்திலும் தந்திரத்திலும் வல்ல ஒற்றர் 'அய்யார்' எனப்படுவர். புதையலைக் காக்கும் மாயக்கட்டு 'திலிஸ்ம்' எனப்படும். இவ்விரண்டும் உருது, பாரசீகக் கதைமரபிலிருந்து வந்தவை. இலக்னோவின் நவல் கிஷோர் அச்சகம் 1883 முதல் வெளியிட்ட உருது 'திலிஸ்மே ஹோஷ்ரூபா' அம்மரபின் பேரிலக்கியம். கத்ரி தம் நூலின் இயல்களை, அம்மரபைத் தழுவி, 'பயான்' (சொல்லுதல்) என்றே குறித்தார். எனினும் அவருடைய திலிஸ்மில் மந்திரம் இல்லை. பொறிகளும் மருந்துகளுமே அற்புதங்களை விளைவிக்கின்றன.

தொடர்ச்சி தரும் இன்பம்

'சந்திரகாந்தா' நான்கு பகுதிகளில் முடிந்தது. 'சந்ததி' 1894 முதல் 1905 வரை இருபத்து நான்கு பகுதிகளாக வளர்ந்தது. தலைப்பே பொருள் பொதிந்தது. வடமொழியில் 'சந்ததி' என்பது வழித்தோன்றல், இடையறாத் தொடர்ச்சி என இரு பொருள் தரும். தமிழில் முதற்பொருளே பெருவழக்காக, பின்னதன் சாயலைச் 'சந்ததம்' என்னும் சொல்லில் காணலாம். நூலிலும் இவ்விரு பொருளும் ஒன்றுபடுகின்றன. வீரேந்திர சிங், சந்திரகாந்தா இணையரின் மக்களாகிய இந்திரஜித் சிங்கும் ஆனந்த சிங்கும் இதன் தலைவர்கள். கதையின் பிள்ளையே கதைமாந்தரின் பிள்ளைகளைப் பற்றியதாக அமைகிறது.

முதல் நூலைப் படிப்பவர் அய்யாரின் வேடத்தில் ஏமாறுகிறார். தொடர்ச்சியைப் படிக்கும்போதோ அவர் பயிற்சி பெற்றவர். புதிதாக வரும் முகம் ஒவ்வொன்றையும் ஐயுறுகிறார். தாமே ஓர் அய்யாராகத் துப்புத் தேடுகிறார். தேஜ சிங் போன்ற பழைய மாந்தர் மீண்டும் தோன்றும்போது உறவினரைக் கண்டாற்போல் மகிழ்கிறார். ஆசிரியர் விதிகளை மாற்றினால் கண்டுகொள்ளும் அளவுக்கு வாசகர் தேர்ந்துவிடுவதால் தொடர்ச்சி எழுதுவோரின் பொறுப்பும் மிகுகிறது. பூதநாதன் என்னும் அய்யாரின் மறைந்த பழி சிறிதுசிறிதாக வெளிப்படுவது இவ்வாறு தேர்ந்த வாசகர்க்காகவே அமைந்த உத்தி. அவ்வொருவனுக்காகவே 1907இல் 'பூதநாத்' என்னும் தனித் தொடர் தொடங்கப்பெற்றது. கத்ரியின் மறைவால் நின்றுபோன அதனை அவர் மகன் துர்கா பிரசாத் கத்ரி நிறைவு செய்தார்.

மொழி வரலாற்றில் இதன் இடம்

அக்காலத்தில் வடமேற்கு மாகாண நீதிமன்றங்களில் பாரசீக எழுத்திலமைந்த உருதுவே வழங்கியது. நாகரி எழுத்துக்காகக் காசியில் 1893இல் நாகரி பிரசாரிணி சபை தோன்றியது. 1900இல் அரசு நாகரியையும் ஏற்றது. சபை விண்ணப்பத்தால் செய்த பணிக்குக் கத்ரியின் தொடர், கதைச்சுவையால் துணைநின்றது.

இராமச்சந்திர சுக்லர் 1929இல் வெளியிட்ட இந்தி இலக்கிய வரலாற்றில் இந்நூல்களை நிகழ்ச்சி வியப்பையே நோக்கமாகக் கொண்டவை என்று கூறித் தூய இலக்கியத்தினின்று விலக்கினார். எனினும் கத்ரியைப் போல் வாசகரை உண்டாக்கியவர் வேறிலர் என்றும், இவற்றைப் படிப்பதற்காகவே பலர் இந்தி கற்றனர் என்றும் அவரே ஒப்புகிறார்.

முடிவுரை

எழுத்தைக் கற்பதற்கு ஒரு நூல் போதும். படிக்கும் பழக்கம் வேரூன்ற அடுத்த பகுதிக்கான காத்திருப்பும் வேண்டும். பதினோராண்டுக் காலம் அக்காத்திருப்பை வளர்த்தது 'சந்ததி'. பின்னர்ப் பிரேம்சந்த் இந்தியில் நாவல் எழுத வந்தபோது, நாவல் படித்துப் பழகிய கூட்டம் ஒன்று ஆயத்தமாக இருந்தது. இலக்கிய வரலாறு தனி நூல்களின் தகுதியை மட்டும் அளப்பதோடு நில்லாமல், 'அப்புறம் என்ன?' என்னும் வாசகரின் வினாவையும் கணக்கில் கொள்ளுதல் வேண்டும்.