புதுக்கோட்டையில் எடை பார்த்து ஊட்டிய காலம்

தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் 1980-இல் உலக வங்கியின் 3.2 கோடி டாலர் கடனுதவியோடு மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் தொடங்கியது. பின்னர் மக்களின் உணவு நுகர்வு மிகக் குறைவாயிருந்த ஆறு மாவட்டங்களின் கிராமங்களுக்கு அது பரவியது. அவற்றுள் ஒன்று புதுக்கோட்டை. 1974 ஜனவரியில் தனி மாவட்டமான இப்பகுதி, கண்மாய்த் தண்ணீரையும் வானத்தையும் நம்பிய பூமி.

அதுவரை நடந்த உணவுத் திட்டங்களின் சோறு பெரும்பாலும் பள்ளிக்கு நடந்து வரக்கூடிய பிள்ளைகளுக்கே கிடைத்தது. உடல் வேகமாக வளர வேண்டிய, வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் அடிக்கடி வாட்டும் மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் வீட்டிலேயே மெலிந்தார்கள். புதிய திட்டம் இவர்களைத்தான் தேடிப் போனது.

ஏறத்தாழ 1,500 பேருக்கு ஒரு பணியாளர், பெரும்பாலும் அதே ஊர்ப் பெண், நியமிக்கப்பட்டார். ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையான குழந்தைகளை மாதந்தோறும் தராசில் எடை பார்த்து வளர்ச்சி அட்டையில் குறிப்பது அவர் வேலை. எடை ஏறாமல் நின்ற குழந்தைக்கும் கடும் மெலிவுற்ற குழந்தைக்கும் மட்டுமே சத்துருண்டை. தானியம், பருப்பு, வெல்லம் சேர்ந்தது. 90 நாளில் அரைக் கிலோ கூடினால் ஊட்டுவது நிறுத்தப்படும். கூடாவிட்டால் உண்பது உடம்பில் ஒட்டாத காரணத்தைக் கண்டறியக் குழந்தையைச் சுகாதாரப் பணியாளரிடம் அனுப்ப வேண்டும். திட்டத்தின் உயிர்நாடி இந்த விதிதான். எல்லார்க்கும் ஒரே அளவாக உணவு வழங்குவது எளிது. எந்தக் குழந்தை தேறுகிறது, எது தேறவில்லை என்று மாதாமாதம் பார்ப்பதே கடினம். பலன் தந்ததும் அதுவே.

வளர்ச்சி ஹார்மோன் ஊசி போடும் மருத்துவர்களுக்கும் இதே கேள்வி உண்டு. ஊசிக்கு எந்தக் குழந்தை வளரும் என்று அறிய, உயரத்தோடு ரத்தத்தில் ஐ.ஜி.எஃப்-1 என்னும் புரதத்தின் அளவையும் பார்க்கிறார்கள். வளர்ச்சி ஹார்மோனின் தூண்டுதலால் முக்கியமாகக் கல்லீரலில் சுரக்கும் இப்புரதம், ஹார்மோன் போதிய அளவு இருந்தாலும் பட்டினியில் குறைந்துவிடும். ஆகவே ஊட்டக்குறைவான குழந்தையிடம் ரத்த முடிவை மட்டும் நம்பினால் இல்லாத நோய் இருப்பதாகத் தோன்றும். எடையும் சாப்பாடும் முதலில் விசாரிக்கப்பட வேண்டியவை.

1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். அரசின் சத்துணவுத் திட்டம் வந்தது. இரண்டு வயதைத் தாண்டிய பிள்ளைகளுக்கு அதில் சோறு கிடைத்தது. அதற்கும் சின்னக் குழந்தைகளுக்கு எடை அட்டையே காவலாக நீடித்தது. ஊட்டச்சத்துத் திட்டம் நடந்த ஊர்களில் கடும் ஊட்டக்குறைவு மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை குறைந்ததாக மதிப்பீடுகள் காட்டின. அத்திட்டத்தின் இரண்டாம் கட்டம் 1997-இல் முடிந்தபின் அதன் பணிகள் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தோடு இணைந்தன. மாவட்டத்தின் அங்கன்வாடிகளில் குழந்தைகளை எடை பார்க்கும் வழக்கம் இன்றும் தொடர்கிறது.