சீனப் பனிமலை ஓவியம்

பட்டிலோ காகிதத்திலோ மையும் தூரிகையும் கொண்டு உறைபனி படர்ந்த மலைகளைத் தீட்டும் சீன மரபு இது. 8ஆம் நூற்றாண்டுக் கவிஞர் வாங் வெய் பனிக்காட்சிகளுக்குப் பேர்போனவர். ஆனாலும் மரபு உச்சம் தொட்டது வட சோங் காலத்தில்தான் (960–1127).

இந்த ஓவியங்களில் பனியைப் பெரும்பாலும் யாரும் தீட்டுவதில்லை. பைன் மரப் புகைக்கரியும் பசையும் சேர்த்து இறுக்கிய மைக்கட்டியைக் கல்லில் நீர்விட்டு உரைக்கிறார்கள். அந்த மையை நன்றாக நீர்த்து வானத்தையும் ஆற்றையும் சாம்பல் நிறமாக்குகிறார்கள். முகட்டில் மட்டும் தூரிகை படாது. சுற்றிலும் இருள் கூடக்கூட, வெறும் பட்டு வெண்பனியாகத் துலங்கும். பொழியும் பனிக்கு வெள்ளைப் பொடியைத் தெளித்தவர்களும் உண்டு. தொடாமல் விட்ட வெள்ளைக்கு அது ஈடாகாது.

தியான்ஜின் அருங்காட்சியகத்திலுள்ள ‘பனிக்காட்சியில் குளிர்காடு’ இதற்குச் சிறந்த சான்று. ஏறத்தாழ 2 மீட்டர் உயரம். அடுக்கடுக்கான முகடுகள், அவற்றின் கீழே இலையுதிர்ந்த மரங்கள். முன்புறத்து அடிமரம் ஒன்றில் ஃபான் குவான் என்ற பெயர் சிறிதாக எழுதப்பட்டிருக்கிறது. 1000ஆம் ஆண்டையொட்டி வாழ்ந்த அந்த மேதையே இதை வரைந்தாரா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. வரைந்தவர் யாரானாலும், குளிரை இவ்வளவு நெருக்கமாக உணர்த்தும் ஓவியங்கள் அரிது.

மலையின் இடுப்பை மூடுபனி மறைத்தால்தான் மலை உயரமாகத் தோன்றும் என்பது 11ஆம் நூற்றாண்டு ஓவியர் குவோ ஷியின் பாடம். உறைபனியே விழாத இலங்கையின் சபரகமுவத் தோட்டத்து மக்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இரத்தினபுரிப் பக்கம் மூடுபனி இறங்கிய காலைகளில், 2,243 மீட்டர் உயரமுள்ள சிவனொளிபாதமலையின் அடிவாரம் மறைந்து, கூம்பு மட்டும் தனித்து நிற்கும். கொழுந்துக்குப் போகிறவர்கள் பார்த்துப் பழகிய காட்சி அது.

தெற்காசியாவின் பனிமலைகளையும் சீனத் தூரிகை தொட்டிருக்கிறது. பாரிசில் பயின்ற ஓவியர் சூ பெய்ஹொங் (1895–1953), தாகூரின் அழைப்பில் 1939 இறுதியில் சாந்திநிகேதன் வந்தார். மறு ஆண்டு, தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த டார்ஜிலிங்கில் தங்கி இமயக் காட்சிகளை வரைந்தார். மலையைப் பெயர்க்க முனைந்த கிழவரின் சீனக் கதையை 4 மீட்டருக்கும் நீளமான ஓவியமாக்கியதும் அங்கேதான். ஜப்பானியப் படையெடுப்பால் தவித்த சீன மக்களுக்கு, தம் ஓவியக் கண்காட்சிகளின் வழியே அவர் நிதி திரட்டிய காலம் அது.